டாக்டர் குணா அடைத்த நடுப்பலகை

சோற்றில் கை வைத்தால் போன் அடிக்கும். எடுத்துப் பார்த்தால் ஒரு படம் வந்திருக்கும். படத்தில் ஓர் ஓட்டை, ஓட்டைக்குப் பக்கத்தில் யாருடைய கட்டைவிரலோ, பின்னால் பாதிச் செருப்பு. கீழே ஒரு வரி: "அண்ணே, இது நார்மலா?" எது நார்மலா? விரலா, செருப்பா? எந்தப் படகு, எந்தப் பக்கம், கழற்றியதா கழற்றாததா, ஒரு விவரமும் இருக்காது. திருப்பிக் கேட்டால் இன்னொரு படம் வரும். அதில் ஓட்டையும் இருக்காது.

நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. ஜொகூர் நீரிணைக் கரையில் ஒரு பாய்மரப் படகுக் கிளப்பின் கொட்டகையில் முப்பத்தோரு வருஷம் படகு பழுது பார்த்தேன். நான் வெளியே வந்த மறு வருஷமே கொட்டகையை மூடிவிட்டார்கள். வேலையாட்கள் வேண்டாம், படகுக்காரர்கள் அவரவர் படகை வீட்டுக்குக் கொண்டுபோய் அவரவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. பார்த்துக்கொள்கிறார்கள்! கார் போர்ச்சில் படகைப் போட்டு, வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கழற்றி, பாதியில் மாட்டிக்கொண்டு என் உயிரை வாங்குகிறார்கள். "ஒரேடியா எழுதிக் குடுத்துடுங்களேன், போன்ல கத்தறதுக்கு" என்று என் மனைவி மல்லிகா சொன்னாள். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது டாக்டர் குணாவின் கதையாகப் போய்விட்டது.

முதலில் நடுப்பலகை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சின்னப் பாய்மரப் படகின் வயிற்றில் நீளமாக ஒரு பிளவு இருக்கும். அதற்கு நேர் மேலே, படகுக்குள், ஒடுக்கமான ஒரு கூடு. அந்தக் கூட்டுக்குள்ளிருந்து ஒரு பலகை தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். அச்சாணி மாதிரி ஒரு பின்னில் மாட்டியிருப்பதால் கயிற்றை இழுத்தால் மேலே மடங்கும், விட்டால் கீழே இறங்கும். சென்டர்போர்டு என்பார்கள். அது இல்லாவிட்டால் படகு முன்னால் போகாது, நண்டு மாதிரி பக்கவாட்டில் நழுவும். இந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய வேலை ஒன்று அதற்கு உண்டு. படகு கவிழ்ந்துவிட்டால், தண்ணீரில் விழுந்தவர் சுற்றிப் போய் அந்தப் பலகையின் மேல் ஏறி நிற்க வேண்டும். அவருடைய பாரத்தில்தான் படகு நிமிரும். அந்த நேரத்தில் பலகை ஒடிந்தால் படகு நிமிராது, ஆள் தண்ணீரிலேயே கிடக்க வேண்டியதுதான். எங்கள் நீரிணையில் கப்பலும் போகிறது, நீரோட்டமும் இழுக்கிறது.

நான் கோத்தா திங்கிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். கிளப்புக்குப் புல் வெட்ட வந்தேன். ஒருநாள் மழைக்குக் கொட்டகையில் ஒதுங்கியபோது, "சும்மா நிக்காத தம்பி, இதப் புடி" என்று ஒருவர் ஒரு பலகையின் முனையைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். முதல் ஐந்தாறு வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தேய்த்தேன், கழுவினேன், மறுபடி தேய்த்தேன்.

பலகையைக் கொடுத்தவர் காசிம் பாய், கொட்டகை மேற்பார்வையாளர். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து அவர் அப்பா காலத்தில் வந்த குடும்பம். காசிம் பாய் யாரையும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை. வேலையில் தப்பு நடந்தால் பக்கத்தில் வந்து நின்று, "ஏன் தம்பி?" என்பார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தது தவறாக இருந்தால் மறுபடியும் அதே குரலில், "ஏன் தம்பி?" நாலாவது முறை கேட்கும்போது சுத்தியலைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டு ஓடிவிடலாமா என்று இருக்கும். மனிதர் முகத்தில் எரிச்சலின் சாயல்கூட இருக்காது. எல்லா எரிச்சலையும் எனக்கே கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

நடுப்பலகையைக் கழற்ற அவர் வைத்திருந்த ஒழுங்கு இது. படகைப் பக்கவாட்டில் சாய்த்து அடியில் இரண்டு பழைய டயர் போட வேண்டும். பிளவில் ஒட்டியிருக்கும் சிப்பியை மரச்சில்லால் சுரண்ட வேண்டும், இரும்பு பட்டால் கூடு கீறிவிடும். பலகையில் இடது எது வலது எது என்று பென்சிலால் எழுத வேண்டும். பிறகு பலகைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு கயிற்றை அவிழ்க்க வேண்டும். பின்னைக் கடைசியில்தான் தொட வேண்டும். பின்னை முதலில் உருவினால் பலகை தன் இஷ்டத்துக்கு விழும், அப்போது யாருடைய விரல் அங்கே இருக்கிறதோ அவர் பாடு.

கழற்றிய பலகையை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில், நிற்க வைத்துக் காயப்போட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால், "மேல காயும், உள்ள வேகும்" என்பார். காய்ந்த பிறகு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வருவார், காதைப் பலகையோடு ஒட்டி வைத்து. பலகைக்கு வெளியேதான் ஃபைபர், உள்ளே மரம். டக் டக் என்றால் உள்மரம் நன்றாக இருக்கிறது. தொத் தொத் என்றால் தண்ணீர் ஏறிவிட்டது. பெரும்பாலும் பின் நுழைகிற ஓட்டையைச் சுற்றித்தான் ஏறும். அங்கே கறுப்பாக, மெத்தென்று இருப்பதெல்லாம் தோண்டி எடுக்க வேண்டும். கத்தியில் உலர்ந்த தூள் வரும் வரை தோண்ட வேண்டும். மறுபடி காயவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் எபாக்ஸிப் பசையைக் குழைத்து அடைத்துப் புதிதாக ஓட்டை போடலாம். வாரக்கணக்கில் ஆகும். படகுக்காரர்கள் வந்து வந்து கேட்பார்கள். காசிம் பாய் அவர்களுக்கு ஒரே பதிலைத்தான் அதே குரலில் சொல்வார்: "காயணும்."

ஒரு பலகைக்கு நான் ஆசை ஆசையாக ஐந்து பூச்சு பெயின்ட் அடித்தேன். முகம் பார்க்கலாம். பூட்டப் போனால் கூட்டுக்குள் நுழையவில்லை, பெயின்டின் தடிமன் அவ்வளவு. காசிம் பாய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு தம்பி. படகுக்குள்ள போவல" என்றார். இரண்டு நாள் தேய்த்து அத்தனையும் எடுத்தேன்.

கடைசியாக ஒரு வழக்கம் உண்டு, வேறு எந்தக் கொட்டகையிலும் நான் கேள்விப்படாதது. பூட்டி முடித்ததும் படகைச் சாய்த்து, மேல் விளிம்பைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் பலகையின் மேல் வேலை செய்தவன் ஏறி நிற்க வேண்டும். வேறு ஆள் ஏறக் கூடாது. "ஒடிஞ்சா செஞ்சவன் விழணும், ஓட்டறவன் விழக் கூடாது." காசிம் பாய் தே ஓ என்ற பால் விடாத டீ ஒரு கிளாஸ் குடித்து முடிக்கும் வரை நிற்க வேண்டும். சுடச்சுட வாங்கி வருவார், ஊதி ஊதிக் குடிப்பார். ஐயோ அலமாக், சில நாள் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு யாருடனாவது பேசப் போய்விடுவார். நான் கொக்கு மாதிரி அங்கேயே நிற்பேன்.

இனி டாக்டர் குணா. கோத்தா திங்கியில் பல் டாக்டர். தங்கமான மனுஷன், மென்மையான கை. அவர் படகை வருஷா வருஷம் நான்தான் பார்த்து வந்தேன். கொட்டகை மூடியதும் மற்றவர்களைப் போல அவரும் வீட்டுக்குக் கொண்டுபோனார். இந்த வருஷம் பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம் போன் செய்தார்.

"பாலா அண்ணே, சென்டர்போர்டு நானே கழட்டிட்டேன்."

"எப்படிக் கழட்டினீங்க?"

"டிரெயிலர்ல வச்சே பின்ன உருவினேன். தடால்னு விழுந்துச்சு. போர்ச்ல ஒரு டைல்ஸ் போச்சு. சுசீலா பேசமாட்டேங்கறா."

சுசீலா அவர் மனைவி. நான் தலையில் அடித்துக்கொண்டேன். கால்விரல் தப்பியது தெய்வாதீனம். ஆனால் திட்டவா முடியும்? அதற்குப் பிறகு படங்கள் வரத் தொடங்கின. பின் ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாக இருந்தது. நான் சரியாகத்தான் சொன்னேன், அதை இங்கே எழுதியாக வேண்டும். "நோண்டணும் டாக்டர். கறுப்பு அத்தனையும் வரணும். அப்புறம் காயணும்" என்றேன்.

"எவ்வளவு நாள்ணே?"

"மூணு வாரம், நாலு வாரம் ஆகும்."

"அவ்வளவு நாளா?"

மறுநாளும் இதே கேள்வி. அதற்கு மறுநாளும். கேள்வி ஒன்றுதான், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வரும். ஹேர் டிரையர் வைத்துக் காய வைக்கலாமா? நோண்டாமல் ஓட்டைக்குள் எபாக்ஸியை ஊற்றினால் அதுவே உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளாதா? வீடியோவில் ஒருவர் அப்படித்தான் செய்கிறாரே? பல் டாக்டர் லா இவர்! சொத்தையை எடுக்காமல் மேலே அடைத்தால் என்ன ஆகும் என்று இவருக்கு நான் சொல்ல வேண்டுமா? நடுவில் ஒருநாள் காரணத்தையும் சொன்னார். "சுசீலா இத்தன வருஷத்துல படகுல காலே வச்சதில்லண்ணே. நீச்சல் தெரியாதுன்னு பயம். இந்த லீவுலதான் ஒருதடவ வர்றேன்னு சொல்லியிருக்கா. லீவு முடிஞ்சா அவ்வளவுதான், மனசு மாறிடுவா." சுசீலா கோத்தா திங்கியிலேயே தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. நான் "உம்" என்று கேட்டுக்கொண்டேன். அவசரம் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது, நீச்சல் தெரியாது என்பது விழவில்லை.

ஒருநாள் காலையில் மட்டும் ஒன்பது முறை அழைத்தார். ஒன்பதாவது அழைப்பு வந்தபோது நான் அரசாங்கக் கிளினிக்கில் சர்க்கரை பார்க்க உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. என் நம்பரைக் கூப்பிடுகிறார்கள். இந்தப் பக்கம் டாக்டர், "அண்ணே, ஓரத்துல லேசாத்தான் ஈரம். இதுக்குப் போய் நோண்டணுமா?" என்கிறார்.

"அடைச்சுடுங்க டாக்டர், போதும்!" என்றேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். அப்பாடா என்றிருந்தது.

பிறகு ஒரு வாரம் அழைப்பே இல்லை. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிட வேண்டும். விடுமுறையின் கடைசி ஞாயிறு காலை ஒரு படம் வந்தது. வெள்ளை வெளேரென்று பலகை, கண்ணாடி மாதிரி. "கிளம்பிட்டோம் அண்ணே. சுசீலாவும் வர்றா." நன்றாகத்தான் செய்திருக்கிறார் என்று மல்லிகாவிடம் காட்டினேன். காட்டும்போது படத்தைப் பெரிதாக்கினேன். பின் ஓட்டைக்குக் கீழே, புது பெயின்டுக்கு மேல், பழுப்பாக ஒரு கசிவு, ஒரு விரல் நீளத்துக்கு. உள்ளே தண்ணீர் இருக்கிறது. வெளியே வர வழி தேடுகிறது. அந்த வினாடிதான் கிளினிக்கில் நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. ஒரு காலைக்கு ஒன்பது முறை அழைக்கிற மனுஷன், என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக நான் அவரைத் தேடும்போது எடுக்கவில்லை!

"ஓட்டிக்கிட்டுப் போவாரு, எப்படி எடுப்பாரு? அவர் போன் பண்ணாலும் கத்தறீங்க, எடுக்கலன்னாலும் கத்தறீங்க" என்றாள் மல்லிகா.

"பேசாத, கார் சாவிய எடு" என்றேன். பசியாறாமல் கிளம்பினேன். நாங்கள் குடியிருக்கும் மாசாயிலிருந்து கடற்கரை தூரமில்லை, ஆனால் அன்றைக்கென்று எல்லா சிக்னலும் சிவப்பு. காற்று நன்றாக இருந்தது. படகுக்காரர்கள் வேண்டிக் கேட்கிற காற்று.

படகு இறக்கும் சரிவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது படகு இன்னும் டிரெயிலரில்தான் இருந்தது, பாய்மரம் ஏற்றவில்லை. சுசீலா டீச்சர் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை இப்போதே போட்டு எல்லாக் கொக்கியையும் மாட்டிக்கொண்டு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை மடியில் வைத்து, தடுப்புச் சுவரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பரீட்சைக்கு வந்தவர் மாதிரி இருந்தது.

"அண்ணே! வழியனுப்ப வந்துட்டீங்களா?" டாக்டருக்கு ஒரே சந்தோஷம்.

"படகைத் தண்ணியில இறக்காதீங்க. பலகையில ஏறிப் பார்க்கணும்."

"பார்த்துட்டேன்ணே. ஆட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி இருக்கு. காத்து போயிடும் லா, வந்து பார்த்துக்கலாம்."

"டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ஏறாம விடமாட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எனக்குக் கை கொடுத்தார். படகைப் புல்லில் இறக்கிச் சாய்த்தோம். டயர் இல்லை, லைஃப் ஜாக்கெட் மூட்டையை அடியில் போட்டோம். மேல் விளிம்பை டிரெயிலரோடு இழுத்துக் கட்டினேன். பலகையை வெளியே தள்ளி நிறுத்தினேன். வெயிலில் பளபளத்தது.

"நான் ஏறறேன்ணே. செஞ்சது நான்தானே" என்றார் டாக்டர்.

"வேணாம். தள்ளி நில்லுங்க" என்றேன். காசிம் பாய் சட்டப்படி அவர்தான் ஏற வேண்டும். ஆனால் அந்த அடைப்பைப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். அறுபத்திரண்டு வயதில், வெறும் வயிற்றில், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

தாங்கியது. ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது, தேவையில்லாமல் ஆர்ப்பாட்டம் செய்துவிட்டேனோ என்று. டாக்டர் டீச்சரைப் பார்த்துச் சிரிக்க வாய் திறந்தார். நான் ஓர் அடி வெளியே நகர்ந்தேன். பச்சைக் கட்டை முறிகிற சத்தம் கேட்டது. படகின் வயிற்றை ஒட்டிப் பலகை இரண்டாகப் போய், நான் புல்லில் மல்லாந்து கிடந்தேன். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது.

ஒடிந்த இடத்தை மூன்று பேரும் பார்த்தோம். வெள்ளைத் தோல் ஒரு காகித கனம். உள்ளே மரம் என்று ஒன்றும் இல்லை, கறுப்புச் சேறு. விரலை வைத்தால் விரல் போனது. சாக்கடை நாற்றம். பின் ஓட்டையிலிருந்து ஒரு முழம் கீழே வரைக்கும் இறங்கியிருந்தது.

டாக்டர் குந்தி உட்கார்ந்தார். "என் தப்புதான் சுசீலா. ஒரு பேஷண்டு வாயில இப்படிச் செய்வேனா நான்? சொத்தைய உள்ள வச்சு மேல பூசியிருக்கேன்" என்றார். கண்கலங்கிவிட்டது அவருக்கு.

டீச்சர் என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க மட்டும் வரலன்னா என்ன ஆயிருக்கும்ணே? அந்தக் கடவுளே அனுப்பின மாதிரி..."

இந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். டாக்டர் பழியைத் தானே எடுத்துக்கொண்டுவிட்டார், டீச்சர் என்னைக் கும்பிடுகிறார். முழங்கையில் ரத்தம் வேறு, தியாகி மாதிரி. ஆனால் தாங்க முடியவில்லை.

"கும்பிடாதீங்க டீச்சர். அடைச்சுடுங்கன்னு சொன்னது நான்தான். தொல்ல தாங்காம, போன வைக்கணுங்கறதுக்காகச் சொன்னேன். தப்புன்னு தெரிஞ்சே சொன்னேன்."

டாக்டர் தலையைத் தூக்காமலே, "தப்புன்னு எனக்கும் தெரியும்ணே" என்றார். "நீங்க முதல் நாளே நோண்டச் சொன்னீங்க. நீங்க வேற பதில் சொல்ற வரைக்கும்தான் நான் போன் பண்ணிக்கிட்டே இருந்தேன்."

டீச்சர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "எனக்கு நீச்சல் தெரியாது. உங்க ரெண்டு பேருக்கும் வேல தெரியும்னு நம்பித்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, காரில் போய் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

படகை டிரெயிலரில் ஏற்றிக் கட்டினோம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கட்டி முடித்த பிறகும், யார் முதலில் காருக்குப் போவது என்று இரண்டு கிழவர்களும் கயிற்றைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நான்தான் போனேன். டீச்சர் கண்ணாடியை இறக்கினார். மடியில் பொட்டலங்கள் அப்படியே இருந்தன.

"சரியாச் செஞ்சா எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டார்.

"புதுசாச் செய்யணும் டீச்சர். ஒரு மாசத்துக்கு மேல."

"அப்ப அடுத்த லீவுக்கு வர்றேன்" என்றார், பேருந்து போய்விட்டால் அடுத்த பேருந்து என்பதைப் போல. எனக்குப் பின்னால் டாக்டர் வந்து நின்றது தெரிந்தது. டீச்சர் அவரைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னார். "அவர ஒம்போது தடவ கேட்டீங்களே. என்னை ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல?"